கஞ்சா, தராசு, ஜாமீன்: போதைப்பொருள் சட்டத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் போதைப்பொருள் வழக்குகளை மட்டுமே நடத்தும் ஒரு சீனியரிடம் ஐந்து வருடம் ஜூனியராக இருந்தேன். அப்புறம் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு இதே சட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போய்விட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, பஸ் பயணமானாலும் சரி, என்ன வேலை என்று சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தந்திருக்கிறேன். யாராவது வழக்கில் மாட்டியிருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

கஞ்சா கேஸ்னாலே என்டிபிஎஸ்னு சொல்றாங்களே, அது என்ன சட்டம்?

போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் என்டிபிஎஸ். கோர்ட்டில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை. அதற்கு முன்பு 1857, 1878 அபின் சட்டங்களும் 1930 ஆபத்தான மருந்துகள் சட்டமும் இருந்தன. அவற்றில் தண்டனை லேசு.

1985 ஆகஸ்ட் 23 அன்று மசோதா மக்களவைக்கு வந்தது, செப்டம்பர் 16 அன்று ஜனாதிபதி கையெழுத்து, நவம்பர் 14 முதல் அமல். பத்து வருடக் குறைந்தபட்சத் தண்டனை வைக்கும் ஒரு சட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் 1989, 2001, 2014, 2021 என்று நான்கு முறை திருத்தினார்கள். இந்தத் துறையில் எழுதப்படும் ஆய்வுகளில் பாதி அந்த அவசரத்தின் விளைவுகளைப் பற்றியதுதான்.

ஒரே ஒரு பீடி கஞ்சாவுக்குக் கூடவா ஜெயில்?

சட்டப்படி ஆமாம். 27ஆவது பிரிவு, உட்கொள்வதே குற்றம் என்கிறது. கஞ்சாவென்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கொக்கைன், மார்ஃபின், ஹெராயின் என்றால் ஒரு வருடம், இருபதாயிரம்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. பீடியை இழுத்து முடித்தவனுக்கு அதிகபட்சம் ஆறு மாதம். பற்ற வைக்காத பீடியோடு நிற்பவன் 20ஆவது பிரிவின் கீழ், சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கு வருகிறான். அதற்கு 2014 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வருடம் வரை. போதாக்குறைக்கு, நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து அனுப்பும் வசதியைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 26, 27ஆவது பிரிவுகளில் மட்டும்தான் 33ஆவது பிரிவு விட்டுவைத்திருக்கிறது, வைத்திருந்தவனுக்கு இல்லை. வேண்டுமென்று இப்படி எழுதினார்களா, திருத்தும்போது கவனிக்காமல் விட்டார்களா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

எவ்வளவு வச்சிருந்தா எவ்வளவு தண்டனை? கிலோ கணக்கு சொல்றாங்களே.

2001 வரை அளவு பெரிதாகக் கணக்கில் வரவில்லை. கொஞ்சம் வைத்திருந்தவரும் லாரியில் கடத்தியவரும் பெரும்பாலும் ஒரே பத்து வருடக் குறைந்தபட்சத்தில் வந்து விழுந்தார்கள். 2001 திருத்தம்தான் சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாத ஒரு அளவு என்று மூன்றாகப் பிரித்தது. கோர்ட்டில் அந்த நடுவை இடைநிலை அளவு என்பார்கள். சட்டத்தில் அந்தச் சொல் கிடையாது.

கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் குறைவானால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு அரை கிராம், 10 கிராம். சிறியதற்கு ஒரு வருடம் வரை, நடுவுக்குப் பத்து வருடம் வரை, வணிக அளவுக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது வருடம், ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் அபராதம். 'மேல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியாக 20 கிலோ என்றால் வணிக அளவு இல்லை. 20 கிலோ 100 கிராம் என்றால் வணிக அளவு. அந்த நூறு கிராம், கீழே ஜாமீன் கேள்வியில் பார்ப்பீர்கள், ஒருவருடைய சில வருடங்களைத் தின்றுவிடும். எங்கள் சீனியர் ஃபைலைத் திறந்ததும் எஃப்ஐஆரைப் படிக்க மாட்டார். "எடை என்ன தம்பி, சாக்கோடவா, சாக்கு இல்லாமலா?" இதுதான் முதல் கேள்வி.

எடைன்னா கலப்படம் எல்லாம் சேர்த்தா, இல்ல சுத்தமான சரக்கு மட்டுமா?

வருடக்கணக்கில் நீதிமன்றங்களை அலைக்கழித்த கேள்வி இது. 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கு. பிடிபட்டது 4 கிலோ சொச்சம் பொடி, ஆனால் அதில் ஹெராயின் ஒன்றரை சதவீத அளவுக்குத்தான் இருந்தது, அதாவது சுமார் 60 கிராம். சுத்தமான பங்கைத்தான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2009 நவம்பரில் மத்திய அரசு, மொத்தக் கலவையையும் எடை போடு என்று அறிவிக்கை வெளியிட்டது. கடைசியில் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மைக்கேல் ராஜ் தீர்ப்பைத் தவறு என்று சொல்லி, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்று முடித்துவைத்தது.

தெருவில் விற்பவர்கள் சரக்கில் மாவும் பவுடரும் கலந்து விற்கிறார்கள், அந்த மாவுக்குத் தப்பிக்கும் வழி கொடுக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தின் வாதம். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தெருக்கோடியில் இருப்பவனிடம் போய்ச் சேரும்போதுதான் கலப்படம் அதிகமாக இருக்கும், மேலே இருப்பவனிடம் சரக்கு சுத்தமாக இருக்கும். ஆகவே எடைக்கணக்கு கீழே இருப்பவனைத்தான் அழுத்துகிறது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எல்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வணிக அளவு 0.1 கிராம். சுத்தமான எல்எஸ்டி அவ்வளவு இருந்தால் ஆயிரம் வேளைக்கு வரும். ஆனால் அது மை உறிஞ்சும் தாளில் சொட்டு விட்டுத்தான் விற்கப்படுகிறது. ஒரு தாள் துண்டு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு தாளையும் சேர்த்து எடை போட்டால் 11 துண்டிலேயே ஒரு கல்லூரி மாணவன் வணிக அளவுக்காரன். தாள் 'கலவை'யா, வெறும் தட்டா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை.

வடக்கே பாங்கு கடையிலேயே விக்கிறாங்க, அது எப்படி? அதுவும் கஞ்சாதானே?

செடி ஒன்று, சட்டம் இரண்டு. 1985 சட்டத்தில் கஞ்சாவுக்கான விளக்கம் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டும் சொல்கிறது. நுனி கூட இல்லாதபோது இலையும் விதையும் கஞ்சா ஆகாது. செடியின் பிசின் சரஸ், அதுவும் குற்றம். பாங்கு என்பது இலையை அரைத்துச் செய்வதால் வெளியே நின்றுவிட்டது. மாநிலங்கள் தங்கள் கலால் சட்டத்தில் வைத்து உரிமம் கொடுக்கின்றன. இதே காரணத்தால்தான் கஞ்சா விதையை உணவாக விற்க 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது.

தமிழ்நாட்டில் பாங்கு கடை பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே 1937 மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைப்பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சித்த வைத்தியத்தில் கோரக்கர் மூலி என்று இந்தச் செடியைத்தான் சொல்வார்கள். மருந்துக்கான உரிமம் தனிப் பாதை, அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையில் செடி வளர்க்க முடியாது. ஒரு செடி என்றாலும் வளர்ப்பது பத்து வருடம் வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம், அங்கே எடைப் பிரிவும் கிடையாது.

அமெரிக்கா மிரட்டித்தான் இந்தச் சட்டத்தைப் போட்டாங்களாமே?

பாதி உண்மை. வாட்ஸ்அப்பில் முழு உண்மையாகச் சுற்றுகிறது. 1961 ஐ.நா. ஒற்றை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. மருத்துவம் அல்லாத கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த அந்த ஒப்பந்தமே 25 வருட அவகாசம் கொடுத்தது. ஒப்பந்தம் 1964 டிசம்பரில் அமலுக்கு வந்ததால் கெடு 1989இல் முடியும். 1985 சட்டம் அந்தக் கெடுவின் நிழலில் வந்தது. அமெரிக்காவின் போதை எதிர்ப்பு யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது, அழுத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இலையை விளக்கத்திலிருந்து விட்டுவைத்ததைப் பாருங்கள். சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்ட நாடு செய்கிற காரியமில்லை.

இன்னும் பின்னால் போனால் 1893–94 இந்திய கஞ்சா ஆணையம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு போட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமான பழக்கத்தால் பெரிய கேடு இல்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்து என்று முடித்தது. சீர்திருத்தம் பேசுகிற எல்லோரும் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த அரசுக்கு அபினிலும் கஞ்சாவிலும் வரி வருமானம் இருந்தது, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியது, இந்தியா ஆதரவாகத்தான் வாக்களித்தது. முதல் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது. இங்கே சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

மாட்டினா பெயிலே கிடைக்காதுன்னு சொல்றாங்க, உண்மையா?

எடையைப் பொறுத்தது. வணிக அளவுக்கும், 19, 24, 27ஏ என்ற மூன்று பிரிவுகளுக்கும் 37ஆவது பிரிவு பொருந்தும். அரசு வக்கீலுக்கு எதிர்க்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அவர் எதிர்த்தால் இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே போனால் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதி திருப்திப்பட வேண்டும். சாட்சி ஒருவரையும் விசாரிக்காத நிலையில், தீர்ப்பில் சொல்ல வேண்டியதை ஜாமீன் மனுவிலேயே சொல்லச் சொல்கிறது. எந்த நீதிபதி துணிவார்? குற்றப்பத்திரிகைக்கும் வழக்கமான 90 நாளுக்குப் பதில் 180 நாள் அவகாசம், அதை ஒரு வருடம் வரை நீட்டலாம்.

மேலே சொன்ன நூறு கிராமின் கதை இதுதான். 19 கிலோ 900 கிராம் என்றால் சாதாரண ஜாமீன் விதிகள். 20 கிலோவைத் தாண்டினால் 37. தண்டனை தீர்ப்பில் வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரை பெரும்பாலானவர்களுக்கு அது கைதான அன்றே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் இதோடு குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் வருட 14ஆம் சட்டம் வேறு இருக்கிறது. அதில் போதைப்பொருள் குற்றவாளி என்பது தனி வகை. ஜாமீன் கிடைக்கும் என்று தெரிந்தால் அதன் தடுப்புக் காவல் உத்தரவு வந்து நிற்கும், ஒரு வருடம் வரை.

கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், ஏழு வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகவே கிடந்த ஒருவருக்கு, விசாரணை தாமதமானால் 37 குறுக்கே நிற்காது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இப்போது ஜாமீன் மனு எழுதும் ஜூனியர் யாரும் இதை விடுவதில்லை.

குற்றவாளி இல்லைன்னு நாமதான் நிரூபிக்கணுமாமே? அது தப்பில்லையா?

35, 54 ஆகிய பிரிவுகள் அப்படித்தான். பொருள் கையில் இருந்தால் தெரிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டும் பாரம் அவர்மேல். 2008இல் நூர் ஆகா வழக்கில் இது செல்லுமா என்று கேட்டார்கள். அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்ட ஒரு ஆப்கானிஸ்தான்காரரின் வழக்கு. பிரிவுகள் செல்லும், ஆனால் பொருள் அவரிடம் இருந்தது என்ற அடிப்படை உண்மையை முதலில் அரசு சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அப்புறம்தான் அனுமானம் என்றது நீதிமன்றம். அவரை விடுதலையும் செய்தது. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கறாராக ஆதாரத்தைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு இதிலிருந்து வலுத்தது.

அடிச்சு கையெழுத்து வாங்கிட்டா என்ன பண்றது?

இங்கே நம்ம ஊர் வழக்கு ஒன்று வருகிறது: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது பழைய சாட்சியச் சட்டம். ஆனால் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரிகள் நாங்கள் போலீஸ் இல்லை என்று சொல்லி, 67ஆவது பிரிவின் கீழ் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தண்டனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2க்கு 1 என்ற கணக்கில் அவர்களும் இந்த விஷயத்தில் போலீஸ்தான் என்றது. நாரிமனும் நவீன் சின்ஹாவும் ஒரு பக்கம், இந்திரா பானர்ஜி மறுபக்கம். அதன் பிறகு வெறும் ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருந்த வழக்குகள் பல படுத்துவிட்டன.

சோதனை போட வந்தா மாஜிஸ்திரேட் முன்னாடி போடுங்கன்னு கேக்கலாமா?

கேட்கலாம், அந்த உரிமை இருக்கிறது என்று அதிகாரியே உங்களிடம் சொல்ல வேண்டும். 50ஆவது பிரிவு. 2010இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏதோ கடமைக்குச் சொன்னோம் என்றால் போதாது, தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. ஆனால் இது உடம்பைச் சோதிப்பதற்கு மட்டும். பை, வண்டி, வீடு என்றால் பொருந்தாது. பல வழக்குகளின் மகஜர்களில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் குறிப்புகளில், 'இடது கையில் வைத்திருந்த பையில்' என்ற வரியே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

எலி கஞ்சாவைத் தின்னுடுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே, நெஜமாவா?

2023 ஜூலையில் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 22 கிலோ என்று போட்ட வழக்கு. மாதிரி போக மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலை. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் கைதானது 2020இல்.

பிடிபட்ட பொருளை என்ன செய்வது என்பதுதான் 52ஏ பிரிவு. மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடை போட்டு, போட்டோ எடுத்து, மாதிரி எடுத்து, மிச்சத்தைச் சீக்கிரம் அழிக்க வேண்டும். 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. 2022 டிசம்பரில் புது விதிகளும் வந்தன: கஞ்சா, சரஸ், அபின் என்றால் 24 கிராம் மாதிரி, மற்றவற்றுக்கு 5 கிராம், இரண்டு பிரதி. ஆனால் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், 52ஏயைப் பின்பற்றாதது மட்டுமே விடுதலைக்குக் காரணமாகாது என்றும் சொல்லியிருக்கிறது.

ஒரு முறை கோர்ட்டில் பார்சலைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். காடாத் துணி, சிவப்பு அரக்கு, சணல் கயிறு. அரக்கு தொட்டதும் பொரிந்து மேஜையில் கொட்டியது. உள்ளே பச்சையாக எதுவும் இல்லை, டீத்தூள் மாதிரி ஒரு பழுப்புப் பொடியும் பூஞ்சை வாடையும். எடை போட்டார்கள். மகஜரில் எழுதியதைவிட நானூறு கிராம் குறைவு. காய்ந்துவிட்டது என்றார் சாட்சிக் கூண்டில் இருந்தவர். சாட்சி சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பச்சைச் செடி காயத்தான் செய்யும். அப்படியானால் பிடித்த அன்று தராசில் ஏறியது கஞ்சாவா, அதிலிருந்த ஈரமா? எங்கள் சீனியர் அன்று குறுக்கு விசாரணையில் வேறு எதையும் கேட்கவில்லை.

அடிமையானவங்க சிகிச்சைக்குப் போனா விட்டுடுவாங்களாமே?

64ஏ. நல்ல பிரிவு, ஆனால் கதவு குறுகல். 27ஆவது பிரிவிலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ மாட்டியவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்குத் தொடர மாட்டார்கள். பாதியில் விட்டால் சலுகை போச்சு. 39ஆவது பிரிவின்படி தண்டிக்கப்பட்டவரையும் நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

சிக்கல் என்னவென்றால் 'அடிமை' என்று நிரூபித்தால்தான் இதெல்லாம். எப்போதோ ஒரு முறை இழுத்த பையன் அடிமை இல்லை, அவனுக்குச் சலுகையும் இல்லை. நாள்பட்ட அடிமை தினமும் தேவைப்படுவதால் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பான், 5 கிராம் ஹெராயினைத் தாண்டினால் அவனுக்கும் கதவு மூடிவிடும். 2018இல் 'விதி சட்டக் கொள்கை மையம்' என்ற ஆய்வு அமைப்பு பஞ்சாப் சிறப்பு நீதிமன்றங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே 'அடிமையிலிருந்து குற்றவாளிக்கு' என்ற பொருளில்தான் இருந்தது.

தண்டனையைக் கூட்டினா பயம் வரும்ல? தூக்கே போடலாம்.

போட்டுப் பார்த்தார்கள். 1989 திருத்தத்தில் 31ஏ வந்தது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டால் தூக்கு கட்டாயம், நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. 2011 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம், கட்டாயத் தூக்கு அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்றது. 2014இல் நாடாளுமன்றமே கட்டாயத்தை நீக்கி நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது.

பயம் வேலை செய்கிறதா என்பதற்கு என் பதில்: பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் பயம் தரும், தண்டனையின் நீளம் அல்ல. எடுபிடி வேலைக்கு வருகிற பையனுக்குப் பிரிவு எண்ணே தெரியாது. 40 வருடமாகப் பத்து வருடக் குறைந்தபட்சம் இருக்கிறது, பொட்டலம் கிடைக்காத ஊர் ஏதாவது இருக்கிறதா?

சிங்கப்பூர்ல அப்படித்தானே ஒழிச்சாங்க?

அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2013 முதல் வெறும் தூதுவராக இருந்தவர், விசாரணைக்கு உதவினார் என்று அரசு வக்கீல் சான்று கொடுத்தால், ஆயுளும் பிரம்படியும். அங்கேயும் தராசுதான் தீர்ப்பு எழுதுகிறது, இன்னும் நுணுக்கமாக.

நமக்கு இது வெளிநாட்டுச் செய்தி மட்டுமல்ல. 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் மலேசியத் தமிழர், 42.72 கிராம் ஹெராயின், அறிவுத்திறன் அளவு 69 என்று வாதிடப்பட்டவர். மறு வருடம் அதே மாதம் ஒரு சிங்கப்பூர்த் தமிழர், சுமார் ஒரு கிலோ கஞ்சா. அவர் கை அந்தச் சரக்கைத் தொடவே இல்லை, கடத்தலுக்கு உடந்தை என்பதுதான் குற்றச்சாட்டு. பக்கத்திலிருக்கும் மலேசியா 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கைக் கைவிட்டது. இலங்கையில் 1984 முதல் 2 கிராம் ஹெராயினுக்கே மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. சிங்கப்பூர் சின்னத் தீவு, கடல் எல்லை, காசு, நிர்வாகம் எல்லாம் வேறு. தூக்கை மட்டும் தனியே எடுத்து இங்கே நட்டால் முளைக்காது.

அப்போ போர்ச்சுகல் மாதிரி எல்லாத்தையும் லீகல் ஆக்கணுமா?

போர்ச்சுகல் எதையும் லீகல் ஆக்கவில்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். குற்றநீக்கம் என்றால் பொருள் தடை செய்யப்பட்டதுதான், ஆனால் வைத்திருந்தவர் மேல் கிரிமினல் வழக்கு இல்லை. சட்டபூர்வமாக்கல் என்றால் கடை, உரிமம், வரி, கனடா 2018இல் கஞ்சாவுக்குச் செய்த மாதிரி. போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் செய்தது முதல் வகை. பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவரைப் போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ஒரு சிறு குழுவிடம் அனுப்பும். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் இருப்பார்கள். விற்றால் ஜெயில்தான்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 2021 பிப்ரவரியில் இதைக் காப்பியடித்தது. வழக்குக்குப் பதில் அபராதச் சீட்டுக் கொடுத்தார்கள், 100 டாலர், ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் தள்ளுபடி. சிகிச்சைக்கான பணமும் ஆட்களும் வந்து சேரத் தாமதம். தெருவில் நிலைமை மோசமானதும் 2024 செப்டம்பரில் திரும்பவும் குற்றமாக்கினார்கள். தோற்றது குற்றநீக்கமா, பின்னால் ஆஸ்பத்திரி இல்லாத குற்றநீக்கமா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. நான் இரண்டாவது கட்சி.

டாஸ்மாக்கை அரசாங்கமே நடத்துது, கஞ்சாவை மட்டும் ஏன்?

உறைக்கிற கேள்வி. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், கஞ்சாச் செடிப் பொருள் எதையாவது, பாங்கையும் சேர்த்து, பயன்படுத்துபவர்கள் 2.8 சதவீதம். கெடுதல் கணக்கில் மதுவுக்குத்தான் முன்னிடம். ஆனால் சட்டக் காரணம் எளிது: மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, போதைப்பொருள் பொதுப் பட்டியலில், மத்தியச் சட்டம் இருக்கும்போது தமிழ்நாடு தனியாகக் கஞ்சாக் கடை திறக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மது, போதைப்பொருள் இரண்டையும் ஒரே வரியில் வைத்து மதுவிலக்குக்கு முயலச் சொல்கிறது. டாஸ்மாக் கடைகள் நடப்பதும் 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கோர்ட்டுல கேஸ் போட்டு மாத்த முடியாதா? அந்தரங்க உரிமைன்னு தீர்ப்பு இருக்கே.

2017 புட்டசாமி தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம், பெரியவர்கள் தனி இடத்தில் கஞ்சா பயன்படுத்துவதைக் குற்றமாக்குவது அந்தரங்கத்தை மீறுவது என்று சொல்லிவிட்டது. இரண்டையும் ஒட்டி இங்கேயும் ஒரு வாதம் கட்டலாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அருமையான தலைப்பு.

நிஜத்தில் 47ஆவது பிரிவு எதிரே நிற்கும், கொள்கை விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போங்கள் என்று நீதிபதி சொல்வார். இந்த நாட்டில் இந்தச் சட்டம் நீதிமன்றத்தால் மாறியதெல்லாம் உரிமை வாதத்தால் குறைவு, நடைமுறை வாதத்தால் அதிகம்: மேலே பார்த்த வாக்குமூலம், மாதிரி, தாமதம் எல்லாம் அப்படித்தான்.

கேன்சர்காரங்களுக்கு மார்ஃபின் கிடைக்கலைன்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம். இந்தியா சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள், காஜிபூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள். ஆனால் 1985க்குப் பிறகு ஒரு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு ஐந்தாறு உரிமம், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. மருந்துக்கடைகள் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டன. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் மற்றவர்களும் வருடக்கணக்கில் போராடித்தான் 2014 திருத்தத்தில் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற வகை வந்தது, நடைமுறை ஒரே அனுமதியாகச் சுருங்கியது.

இதே திருத்தத்தில் ஒரு வேடிக்கை. அந்தப் புது வகைக்கு இடம் விட, பழைய உட்பிரிவு ஒன்றின் எண்ணை மாற்றினார்கள், ஆனால் 27ஏ பிரிவு பழைய எண்ணையே சுட்டிக்கொண்டிருந்தது. கடத்தலுக்குப் பணம் போடுகிறவர்களுக்கான தண்டனை, காகிதத்தில், மார்ஃபினைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் யாரும் பார்க்கவில்லை. திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிய பிறகு 2021இல் அவசரச் சட்டம் போட்டு 2014 முதல் செல்லும்படி திருத்தினார்கள். கிரிமினல் சட்டத்தைப் பின்தேதியிட்டுத் திருத்தலாமா என்பது தனி வழக்கு.

சரி, உங்களைக் கேட்டா என்ன மாத்துவீங்க?

கஞ்சாக் கடை திறப்பதைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 27ஆவது பிரிவையும் சிறிய அளவையும் கிரிமினல் கோர்ட்டிலிருந்து எடுத்துவிடுவேன், 64ஏயில் அடிமை என்ற நிபந்தனையைத் தளர்த்துவேன், விசாரணை இரண்டு வருடத்தில் முடியாவிட்டால் 37 தானாக விலகும் என்று எழுதுவேன். அப்புறம் தராசு. 20 கிலோவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஒருவிதம், அந்தப் பக்கம் இருபது வருடம் என்பதை விட்டு, அவன் அந்த வியாபாரத்தில் யார், கூலிக்கு மூட்டை தூக்கியவனா, பணம் போட்டவனா என்று பார்க்க நீதிபதிக்கு இடம் கொடுப்பேன். எடையைப் பொய்யாக எழுதுவது சுலபம் என்று இதற்கு எதிர்வாதம் சொன்னால், ஆமாம், அதனால்தான் சொல்கிறேன்.

நான் சட்டம் படிக்கிறேன், இதுல ஆராய்ச்சி பண்ண எங்கே ஆரம்பிக்கணும்?

1997இல் வந்த சட்ட ஆணையத்தின் 155ஆவது அறிக்கையைப் படியுங்கள், அது முழுக்க இந்தச் சட்டத்தைப் பற்றியது. பிறகு உங்கள் ஊரில் சிறப்பு நீதிமன்றம் எங்கே இருக்கிறதென்று பார்த்து ஒரு மாதம் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். தீர்ப்புகளில் கிடைக்காதது வாய்தாக்களில் கிடைக்கும்: சாட்சி வரவில்லை, தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, எஸ்கார்ட் போலீஸ் இல்லாததால் கைதியைக் கொண்டுவரவில்லை. இந்த மூன்றையும் தினம் குறித்துக்கொண்டு வந்தாலே நல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்று தேறும். பத்தரைக்குள் போய்விடுங்கள், வாய்தா வழக்குகளையெல்லாம் முதல் அரை மணியிலேயே கூப்பிட்டு முடித்துவிடுவார்கள்.